மடிக்காமல் விட்ட வாஷர்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். உங்கள் கடிதம் வந்தது. நாலே வரி. ஒரு வரியில் நீங்கள் சௌக்கியம், மீதி மூன்று வரியும் காரை விற்றுவிடச் சொல்லி. துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணப் போனதிலிருந்து வார்த்தைகளையும் எண்ணித்தான் செலவழிக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இது நீளமான கடிதம். சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

உங்களுக்குக் கோபம் வரப்போகிற செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை விற்கவில்லை. நீங்கள் சொல்லி அனுப்பிய பழைய இரும்புக்காரர் லாரியும் கயிறுமாக வந்தார். தார்ப்பாயை விலக்கிவிட்டுக் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். இடது பின்சக்கரம் இருந்த இடத்தில் கட்டை முட்டுக்கொடுத்து நிற்பதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். நான் அதற்குள் அவருடைய லாரியை எட்டிப் பார்த்துவிட்டேன். சீட்டில் பஞ்சு பிதுங்கி, கம்பி குத்தி, மனிதர் ஒருக்களித்து உட்கார்ந்துதான் இவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறார். பேச்சை அங்கிருந்து ஆரம்பித்தேன். அவர் திரும்பிப் போனபோது நம் கார் அவரோடு போகவில்லை. மறுநாள், இதே மாடல் காரிலிருந்து கழற்றிய பின் ஆக்சில் ஒன்று முழுசாக நம் ஷெட்டில் வந்து இறங்கியது. பதிலுக்கு அவருடைய லாரி சீட்டுகளை நான் புதிதாகத் தைத்துத் தருகிறேன். இருவருக்குமே சந்தோஷம்.

அந்தக் காரை நான் எப்படி விற்பேன் என்று நினைத்தீர்கள்? அதன் பின்சீட்டைத் தைக்கக் கொண்டுவந்துதானே என்னைப் பார்த்தீர்கள். முதல் தடவை சீட் தானாகக் கிழிந்திருந்தது. அடுத்த இரண்டு தடவையும் நீங்களே பிளேடால் கிழித்துக்கொண்டு வந்தீர்கள். இத்தனை வருஷமாக நான் அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நைந்து கிழிந்தால் ஓரம் பிசிர்பிசிராக இருக்கும், அறுத்தால் நேர்க்கோடாக இருக்கும். கிழிசலைப் பார்த்தே காரணம் சொல்லுகிறவளிடம் வந்து, குழந்தைகள் ஏறிக் குதித்தார்கள் என்று சாதித்தீர்கள். எந்தக் குழந்தைகள் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் தங்கைக்குத் தோளில் ஒடிந்த காரை எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. பேக்கரி வேனை மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். தட்டுத் தட்டாக ரொட்டியைத் தானே இறக்குகிறாள். அண்ணனுக்கு எழுதும்போது இதை மறக்காமல் எழுதச் சொன்னாள். எலும்பு ஒட்டிக்கொண்டதாம், அண்ணன்தான் இன்னும் ஒட்டவில்லையாம்.

அன்றைக்கு மலையிறக்கத்தில் நம் சக்கரமே நம்மை முந்திக்கொண்டு உருண்டு போனதைப் பின்சீட்டிலிருந்து நானும்தான் பார்த்தேன். கார் ஒரு பக்கம் சாய்ந்து, ரோட்டைத் தேய்த்துக்கொண்டு போய் மண்மேட்டில் நின்றது. பயந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட அதிகமாகப் பயந்தது அதற்கப்புறம்தான். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். "வாஷரை மடிச்சேனா இல்லையான்னு ஞாபகம் வரலையே" என்றீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் அந்தச் சக்கரத்தைக் கழற்றி பிரேக் வேலை பார்த்திருந்தீர்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை ஆக்சில் தண்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் பெரிய நட்டு, அது கழலாமல் இருக்க அடியில் ஒரு லாக் வாஷர், அதன் விளிம்பை நட்டின்மேல் மடித்துவிட வேண்டும். அதை மடிக்காமல் விட்டதால் நட்டு தளர்ந்தது, ஹப் ஆடியது, ஆடி ஆடித் தண்டு ஒடிந்தது என்று நீங்களே வழக்கு நடத்தி, நீங்களே தீர்ப்பும் சொல்லி, ஷெட்டின் ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டீர்கள். எங்கள் இருவரையும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை.

ஆக்சிலை யார் மாற்றப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். நாங்கள்தான். ஒரே ஷெட்டில் ஒரு மூலையில் என் தையல் மெஷின், மறு மூலையில் நீங்கள் வண்டிக்கடியில் இறங்கி ரிப்பேர் பார்க்கும் குழி. நீங்கள் வண்டியைத் திட்டிக்கொண்டே செய்த வேலையெல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. திட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஏதாவது வண்டி நின்றுபோய் யாராவது தவித்தால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஒரு பார்வை பாருங்கள். பார்ப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

பிரியமுடன்,
உங்கள் மனைவி

*

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் இந்த முறை ஏழு வரி. முன்னேற்றம்தான். அதில் ஐந்து வரி, ஆக்சிலில் கைவைக்க வேண்டாம், அடிபட்டுக்கொள்வீர்கள் என்று. கடிதம் வந்து சேர்ந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. மீதி இரண்டு வரியில் பினியன் பல்சக்கரத்தின் பேரிங் இறுக்கத்தைக் கயிறு கட்டி இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். வேண்டாம் என்கிறவர் எதற்காக வழியும் சொல்கிறார் என்று உங்கள் தங்கை கேட்டாள். நான் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

பழைய ஆக்சிலை இறக்கினோம். இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, பிரேக் பைப்பைக் கழற்றி, புரொபெல்லர் ஷாஃப்டை அவிழ்த்து, லீஃப் ஸ்பிரிங்கைக் கட்டிப் பிடித்திருந்த யு போல்ட்டுகளை எடுத்தோம். துருப்பிடித்த ஒன்று வரவே மாட்டேன் என்றது. உங்களைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு இழுத்தேன், வந்துவிட்டது. இடது முனையில் ஒடிந்து நின்ற தண்டின் வாய் ரோட்டில் உரசி மழமழவென்று தேய்ந்து கிடந்தது. ஏன் ஒடிந்தது என்று அதில் ஒன்றும் தெரியவில்லை. பழைய துணியைச் சுற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தோம்.

வந்த ஆக்சிலைத் திறந்தால் உள்ளே எண்ணெய் கூழாக இருந்தது. ஆனால் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் பற்கள் எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் மாற்றினோம். கயிற்றைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தோம், நீங்கள் சொன்னபடி. இரண்டு பல்சக்கரமும் எங்கே உரசுகின்றன என்று பார்க்கப் பற்களில் சிவப்பு மசியைத் தடவிச் சுழற்றினோம். தடம் பல்லின் ஓரத்தில் விழுந்தது. இடைவெளிக்குக் கொடுத்திருந்த மெல்லிய ஷிம் தகடு ஒன்றை எடுத்தோம், மறு ஓரத்துக்குப் போய்விட்டது. அதைவிட மெல்லியதாக ஒன்று போட்டதும் நடுவில் வந்து உட்கார்ந்தது. உங்கள் தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. எனக்குப் போகவில்லை. சீட் கவரின் மூலை சுருக்கமில்லாமல் உட்கார வேண்டும் என்றால் பிரித்துப் பிரித்துத்தான் தைக்க வேண்டும். இரும்பும் அப்படித்தான் இருக்கிறது.

இனிமேல்தான் கதை.

எல்லாவற்றையும் மாட்டி, எண்ணெய் ஊற்றி, சக்கரங்களைப் போட்டுக் காரைத் தரையில் இறக்கினோம். இடப்பக்கத்துக்கு ஸ்டெப்னி. முகப்பு தெருவைப் பார்த்து நின்றது. உங்கள் தங்கை ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு வாத்தியார் வாசலுக்கு நாற்காலி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் தெருவில் நின்று, வா வா என்று கையைக் காட்டினேன். முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள். கார் பின்னால் போனது.

சும்மா போகவில்லை, ஜம்மென்று போனது. பின்சுவரில் இடித்து, அலமாரியில் இருந்த பழைய பெயிண்ட் டப்பாக்கள் எல்லாம் மேலே கொட்டின. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், உங்கள் தங்கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். "அண்ணி, நான் மொத கியர்தான் போட்டேன்" என்றாள். நான் நம்பவில்லை. நானே ஏறிப் போட்டுப் பார்த்தேன். பின்னாலேயே அழுத்தியது. ரிவர்ஸ் போட்டேன். கார் அழகாக முன்னால் வந்து தெருவில் நின்றது. பழைய கார்களை முதலில் பின்பக்கமாக ஓட்டித்தான் பழக்க வேண்டுமா என்று வாத்தியார் ரொம்ப அக்கறையாக விசாரித்தார்.

இப்போது நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆக்சிலின் நடுவில் இருக்கிற பல்சக்கரத் தொகுதியை, அந்த டிஃபரன்ஷியலை, தலைகீழாக மாட்டியிருந்தோம். நம் மாடலில் அது உட்காருகிற ஹவுசிங்கில் சுற்றிலும் ஒரே இடைவெளியில் போல்ட் துளைகள். அதை எப்படித் திருப்பி வைத்தாலும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்கிறது. கிரவுன் வீல் இந்தப் பக்கம் இருப்பதற்குப் பதில் அந்தப் பக்கம் வந்துவிட்டால், சக்கரங்கள் எதிர்த்திசையில் சுற்றத்தானே செய்யும்.

தப்பு என்னுடையது. மேல்பக்கம் எது என்று சாக்பீஸால் அம்புக்குறி போட்டது நான். நாங்கள் கவர் தைக்கும்போது துணியை உள்வெளியாகப் புரட்டி வைத்துத் தைப்போம். மேல்விளிம்பு கீழே இருக்கும். அதனால் நான் எப்போதும் அம்பைக் கீழ்நோக்கித்தான் போடுவேன், புரட்டியதும் மேலே வந்துவிடும். கை அந்தப் பழக்கத்திலேயே போட்டுவிட்டது. உங்கள் தங்கை ரோட்டில் இருக்கிற அம்புக்குறியைப் பார்த்து ஓட்டிப் பழகியவள். அம்பு எங்கே காட்டுகிறதோ அதுதான் மேல் என்று மாட்டிவிட்டாள்.

தெருவே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அந்த விபத்துக்குப் பிறகு இந்த ஷெட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். நீங்கள் இல்லையே என்று எனக்குச் சட்டென்று அழுகையும் வந்தது. பெயிண்ட் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

எண்ணெயை வடித்து, இரண்டு தண்டையும் உருவி, டிஃபரன்ஷியலை எடுத்துத் திருப்பி மாட்டினோம். இப்போது முதல் கியரில் முன்னால் போகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் கையால் நான் செய்த தப்பு அது. பின்னால் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் நான் தையல் மெஷினை மூடிவிட்டு எங்கேயும் போய்விடவில்லை. பிரித்துத் தைத்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பதில் போடுங்கள், எட்டு வரியாவது.

என்றும் உங்கள்,
மனைவி

*

அன்புள்ள உங்களுக்கு,

உறை கனமாக இருக்கிறதே என்று பார்த்திருப்பீர்கள். காகிதத்தில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது பிரிக்க வேண்டாம். முதலில் கடிதத்தைப் படியுங்கள். இந்த ஒரு தடவையாவது நான் சொல்கிற வரிசையில் செய்யுங்கள்.

கார் நன்றாக ஓடியது. ஆனால் பிரேக்கை அழுத்தினால் ஒரு பக்கமாக இழுத்தது, பெடல் காலுக்கடியில் துடித்தது. பிரித்துப் பார்த்தால் வந்த ஆக்சிலின் பிரேக் டிரம்கள் இரண்டும் உள்ளே தேய்ந்து விளிம்பு கட்டியிருந்தன. பழைய இரும்புக்காரரிடம் வேறு இல்லை. நம் பழைய டிரம்களையே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். வலதுபக்கத்து டிரம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. இடது டிரம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்தவர் அந்தச் சக்கரத்தைப் பள்ளத்துப் புல்லிலிருந்து எடுத்து, மண்ணோடு மண்ணாகச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டாரே, அது அப்படியே ஷெட்டின் மூலையில் கிடக்கிறது. நீங்கள் அதன் பக்கம் போகவே இல்லை. நானும் தினமும் தாண்டித்தான் போனேன், அவிழ்க்கவில்லை. உங்களுக்குப் பயமாக இருந்த மாதிரிதான் எனக்கும் இருந்தது. அதற்குள் என்ன இருந்தாலும் நீங்கள் என் புருஷன்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாஷர் மடிக்காமல் இருந்துவிட்டால், அதை உங்களிடமிருந்து மறைத்து வைக்க என்னால் முடியுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நம் காரில் ஹப்பும் டிரம்மும் ஒரே வார்ப்பு. டிரம் வேண்டும் என்றால் அந்த நட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் தங்கைதான் சாக்கை அவிழ்த்தாள். தோள் அவளுடையது, அவளே அவிழ்க்கட்டும் என்று நான் தள்ளி நின்றேன். சக்கரத்தைக் கழற்றினாள். நடுவில் இருந்த மூடியை உளியால் நெம்பி எடுத்தாள். கிரீஸைத் துணியால் வழித்தாள். வாஷரின் விளிம்பை விரலால் சுற்றித் தடவினாள். பிறகு திரும்பாமலேயே சொன்னாள்: "அண்ணன் மடிச்சிருக்காரு, அண்ணி. ரெண்டு எடத்துலயும் மடிச்சிருக்காரு."

ஒரு இடத்தில் மடித்தால் போதும் என்று எல்லா மெக்கானிக்கும் ஒரு இடத்தில் மடிக்கிறார்கள். ஒன்று வண்டிக்கு, ஒன்று என் நிம்மதிக்கு என்று சொல்லி இரண்டு இடத்தில் மடிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். நீங்கள் மடித்ததை உங்கள் தலை மறந்துவிட்டது, கை மறக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தேன். பிறகு மடிப்புகளை நிமிர்த்தி நட்டைக் கழற்றப் பார்த்தோம். அசையவில்லை. ஸ்பானரில் நீளமான பைப்பை மாட்டி, இரண்டு பேரும் தொங்கிய பிறகுதான் கிறீச்சென்று நகர்ந்தது. தளர்ந்த நட்டாம். அதை நினைத்து நீங்கள் தூக்கம் கெட்டுப் போனீர்கள்.

புல்லரைப் போட்டு ஹப்பை இழுத்ததும், ஒடிந்த தண்டின் துண்டு வெளியே வந்தது. இந்தப் பக்கத்து வாய் ரோட்டில் உரசவில்லை, கிரீஸுக்குள் பத்திரமாக இருந்தது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பாதிக்கு மேல் கறுத்துப்போய்க் கோடுகோடாக இருந்தது. மீதி மட்டும் வெள்ளி மாதிரி புதிதாக மின்னியது. தண்டில், ஹப் வழுக்காமல் பிடிக்கிற சாவிக்கட்டை உட்காரும் பள்ளத்தின் மூலையிலிருந்துதான் அந்தக் கறுப்பு தொடங்குகிறது. கிழிசல் பார்க்கத் தெரிந்தவள் நான், உங்களுக்குத்தான் தெரியுமே. அது அன்றைக்கு ஒடிந்தது அல்ல. அதற்கு ரொம்ப நாள் முன்பே நைய ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, மிச்சமிருந்த இழை அன்றைக்கு அறுந்திருக்கிறது.

பிரேக் வேலைக்கு ஹப்பைக் கழற்றியபோதே நீங்கள் அதைப் பார்த்திருக்க முடியுமா? முடியவே முடியாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு கிரீஸுக்கடியில் இருந்திருக்கலாம். தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் மறதியால் தங்கையைக் கொல்லப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு போனீர்களே, அது நடக்கவே இல்லை. இனிமேல் அதை உங்கள் தலையில் சுமக்காதீர்கள். நான் சுமக்க விடமாட்டேன்.

அதைப் பார்த்த பிறகு எங்களுக்கு வந்த ஆக்சிலின் தண்டுகள்மேலும் சந்தேகம் வந்தது. உருவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, என் தையல் சாக்பீஸைப் பொடித்துப் பூசி வைத்தோம். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடாகக் காட்டிவிடுமாம். இரண்டுமே வெள்ளைவெளேரென்று இருந்தன. இனி இந்த ஷெட்டில் எந்தத் தண்டும் இந்தப் பரீட்சை எழுதாமல் உள்ளே போகாது என்று உங்கள் தங்கை சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறாள். அம்புக்குறியை எப்படிப் போட வேண்டும் என்றும் அதற்குக் கீழே எழுதியிருக்கிறாள். அது எனக்காம்.

இப்போது காகிதத்தைப் பிரியுங்கள். அந்த வாஷர்தான். நிமிர்த்திவிட்டோம், ஆனாலும் மடிப்புக்கோடுகள் இரண்டும் போகவில்லை. விரலால் தடவினாலே தெரியும். யாரும் இல்லாத நேரத்தில் அதைத் தடவிப் பாருங்கள்.

கார் மறுபடி ஸ்டாண்டில் நிற்கிறது. டிரம்கள் உட்கார்ந்துவிட்டன, பிரேக் பிடிக்கிறது. வலதுபக்கம் புது வாஷர் போட்டு நட்டை இறுக்கி, இரண்டு இடத்தில் மடித்தாயிற்று. உங்கள் தங்கை மடித்தாள், கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கெட்டியாக இருக்கிறது. இடதுபக்கமும் வாஷர் போட்டு நட்டை இறுக்கியிருக்கிறோம். அதை மட்டும் மடிக்கவில்லை. அவள் உளியை எடுத்துக்கொண்டு போனாள், நான் தடுத்துவிட்டேன். எங்களுக்கு மடிக்கத் தெரியாமல் இல்லை. அது மடிகிறவரை காரைத் தரையில் இறக்கப் போவதில்லை.

உங்கள் கிடங்கில் என்ன சொல்லிவிட்டு வருவீர்களோ, அது உங்கள் பாடு. மூட்டைகளை வேறு யாராவது எண்ணிக்கொள்வார்கள். ஷட்டரைத் தூக்கித்தான் வைத்திருக்கிறேன், உளியும் சுத்தியலும் உங்கள் பலகைமேல் வைத்த இடத்தில் இருக்கின்றன. நீங்கள் வாருங்கள். வந்து மெதுவாக, உங்கள் வழக்கப்படி இரண்டு இடத்தில் மடியுங்கள். நானும் உங்கள் தங்கையும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். மடித்தீர்களா இல்லையா என்று ஞாபகம் வைத்துக்கொள்ள இந்தமுறை மூன்று பேர் இருப்போம்.

வழியைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி